உறை மாறிய டிஸ்க்

கைப்பேசி அடித்தபோது குமுதா கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அன்று அனுப்ப வேண்டிய உறைகளில் முகவரித் தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். திரையில் கார்த்திகேசுவின் பெயர் தெரிந்தது. சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் குடியிருப்பவன். சில வருடங்களாக அவளுடைய சந்தாதாரன். அடுத்து என்ன கேம் அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, ஒரு கையால் பசைநாடாவைக் கிழித்தபடியே பேசினாள்.

“சொல்லுப்பா கார்த்தி.”

“அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கோம். இங்க ஈப்போவுலதான். நர்ஸு மிஸ்ஸி இப்பத்தான் நவமணியோட ஸ்கேன் டிஸ்க்க உறையிலேருந்து எடுத்தாங்க. அதுல பந்து ஒதைக்கிறவன் படம் இருக்குக்கா.”

குமுதாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. “யாரு, நம்ம ஃபுட்பால் கேமா?”

“சிரிக்காதீங்கக்கா.” என்றான் அவன். “கேம் டிஸ்க் ஆஸ்பத்திரி உறைக்குள்ள இருக்கு. அப்படின்னா ஸ்கேன் டிஸ்க்கு...”

அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ஸ்கேன் டிஸ்க் குமுதாவின் உறைக்குள் போயிருக்கிறது. அந்த உறையைக் கார்த்திகேசு போன வாரமே தபாலில் அவளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டான்.

கைப்பேசி வேறு கைக்கு மாறியது. கார்த்திகேசுவின் மனைவி பேசினாள்.

“அக்கா, நான் நவமணி. ஈரல்ல கட்டி இருக்குன்னு போன மாசமே சொல்லிட்டாங்க. அது வளருதா இல்லையான்னு படத்தப் பாத்தாத்தான் ஆப்பரேஷனுக்கு நாள் குடுப்பாரு. இந்த டாக்டரு பினாங்குலேருந்து மாசத்துக்கு ஒரு நாள்தான் வாராரு. நாலு மணிக்குக் கெளம்பிடுவாரு, அடுத்த மாசம் வரமாட்டாராம். படம் எடுத்த எடத்துல காப்பி கேட்டாச்சு, ரெண்டு நாள் ஆவும்னுட்டாங்க. எனக்கு ஒங்க கேமப் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்த டிஸ்க் நாலு மணிக்குள்ள இங்க வரணும். வருமா?”

“வரும்” என்றாள் குமுதா. எப்படி வரும் என்று தெரியாமலே சொன்னாள்.

அவள் எழுந்து அலமாரிக்குப் போனாள். கார்த்திகேசுவிடம் போயிருந்த உறையின் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. காலியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு அலமாரியைத் திறக்கும் முன்பே தெரியும். திங்கட்கிழமை பிற்பகல் அவளே அதை வேறொருவருக்கு அனுப்பியிருந்தாள்.

குமுதா கெல்டன் தோட்டத்தில் பிறந்தவள். அவள் ஐந்தாம் படிவம் படிக்கும்போது தோட்டம் கைமாறியது, வீடுகளை இடித்தார்கள், குடும்பம் ஈப்போ ஓரத்துச் சிலிபினுக்கு வந்து சேர்ந்தது. பள்ளி முடித்ததும் ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளி நடத்திவந்த டிஸ்க் வாடகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் ஆகி, கணவர் சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போன பிறகும் அங்கேயேதான் இருந்தாள். அவளுக்குக் கேம் விளையாடத் தெரியாது, இன்றுவரை தெரியாது. ஆனால் எந்தக் கேம் யாருக்குப் பிடிக்கும் என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

பட்டணத்து ஆட்கள் கேம்களை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளத் தொடங்கியதும் கடை படுத்துவிட்டது. ஆனால் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருகிறவர்கள் மட்டும் நிற்கவே இல்லை. எல்லாரும் தோட்டத்துப் பக்கத்து ஆட்கள். அவர்கள் இருக்கும் இடங்களில் கைப்பேசியில் லைன் ஒரு கோடுதான் காட்டும், மழை பெய்தால் அதுவும் இருக்காது. ஒரு கேமை இறக்கி முடிப்பதற்குள் வயிற்றுப் பிள்ளை வெளியே வந்து நடக்கத் தொடங்கிவிடும் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். தவுக்கே கடையை மூடிய அன்று குமுதா டிஸ்குகளையெல்லாம் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நீங்கள் வர வேண்டாம், தபாலில் அனுப்புகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லியனுப்பினாள்.

அப்படித்தான் ‘கே கேம் போஸ்ட்’ பிறந்தது. மாதச் சந்தா கட்டியவர்கள் தங்களுக்கு வேண்டிய கேம்களை வரிசையாகச் சொல்லிவைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க் போகும். விளையாடி முடித்து, கூடவே வரும் தபால்தலை ஒட்டிய உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். பிளாஸ்டிக் பெட்டியோடு அனுப்பினால் கனம் கூடும் என்பதால் டிஸ்கை வெறும் வெள்ளைத் தாள் உறையில் போட்டு, மூலையில் எண்ணை ஒட்டி, மேலே ஒரு பழுப்பு உறை போடுவாள். ஆஸ்பத்திரியிலும் ஸ்கேன் டிஸ்கை அதே மாதிரி வெள்ளைத் தாள் உறையில்தான் கொடுக்கிறார்கள். இத்தனை வருடத்தில் குமுதா அதை யோசித்துப் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும் ஒவ்வொரு டிஸ்கையும் வெளியே எடுத்து, விளக்கடியில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். இது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். திங்கட்கிழமை அதை அவளே மீறினாள். ஆயர் தாவாரில் தனேஸ்வரன் என்று ஒருவன் அந்த ஃபுட்பால் கேமுக்காக ஆறு வாரமாகக் காத்திருந்தான். காத்திருந்தான் என்பதைவிட, தினமும் செய்தி அனுப்பி அவள் உயிரை வாங்கினான் என்பதுதான் சரி. தபால் நிலையம் மூடப்போகிற நேரம். மூலையில் எண் இருக்கிறது, உள்ளே டிஸ்க் தடிப்பாகக் கைக்குத் தெரிகிறது, போதும் என்று உறையை மாற்றி ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

அவள் உள்ளே பார்த்திருந்தால் இப்போது நவமணி அங்கே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குமுதா தனேஸ்வரனுக்கு அடித்தாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அடித்தாள். கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒட்டாத உறைகளைத் தரையில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, டிஸ்க் துடைக்கும் துணியும் திரவமும் இருக்கும் பையை எடுத்துக்கொண்டு தன் கஞ்சில் காரில் ஏறினாள்.

ஈப்போவிலிருந்து ஆயர் தாவாருக்கு லூமுட் போகும் பாதையில்தான் போக வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். நடுவில் ஆளைக் கண்டுபிடித்து வாங்கிவரக் கொஞ்ச நேரம் இருக்கிறது. இருக்கிற மாதிரித்தான் தெரிந்தது. ஸ்ரீ இஸ்கண்டார் தாண்டியதும் முன்னால் ஒரு செம்பனைக் குலை லாரி வந்து மாட்டியது. ஏற்றியது போதாதென்று மேலே மேலே குவித்துக் கட்டியிருந்தார்கள். வளைவுக்கு வளைவு அது ஆடியது. முந்தலாம் என்று அவள் ஒதுங்கும்போதெல்லாம் எதிரே ஏதாவது வந்தது. முள் குலை ஒன்று உருண்டு விழுந்து அவள் கார்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் சிதறியது. ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாத குறையாக முந்தினாள்.

போத்தா பாலத்தில் ஏறும்போது கைப்பேசி அடித்தது.

“எங்க இருக்கீங்கக்கா?” நவமணி.

“பாலத்துக்கிட்ட வந்துட்டேன்மா.”

“எந்தப் பாலம்?”

“போத்தா.”

“ஈப்போவுல ஏதுக்கா போத்தா? ஒங்க வீட்ல இருக்குன்னுல்ல நெனச்சேன்!”

“இப்ப வேற ஒருத்தர்கிட்ட இருக்கு. வாங்கிட்டு வந்துர்றேன்.”

“வேற ஒருத்தர்கிட்டயா?” நவமணியின் குரல் ஏறியது. பிறகு பின்னால் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. “எனக்கு முன்னாடி பதினோரு பேரு இருக்காங்க. மிஸ்ஸிகிட்ட கெஞ்சி கடைசியில போட்டுக்கச் சொல்லியிருக்கேன். கடைசி ஆளும் போயிட்டா டாக்டரு எழுந்துருவாரு. பாத்துக்கோங்க.”

ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. குமுதா அதைப் பார்க்கவில்லை.

தனேஸ்வரனின் வீடு ஆயர் தாவாரில் ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. கம்பிக் கதவுக்குப் பின்னால் ஈரத்தலையோடு ஒரு பெண் வந்து நின்றாள். அவன் தங்கை தினேஸ்வரி.

“தனேஸ் இல்லையாம்மா?”

“அண்ணன் மில்லுல. செம்பன எண்ணெ மில்லு. நீங்க யாரு?”

“கேம் போஸ்ட் குமுதா.”

தினேஸ்வரி வாயில் கை வைத்துக்கொண்டாள். “அலாமாக்! நேர்லயே வந்துட்டீங்களா? நான் அப்பவே சொன்னேன், வாட்ஸ்அப் குரூப்புல அப்படியெல்லாம் எழுதாதன்னு. மெசேஜு லைன் இல்லாம சுத்திக்கிட்டே இருந்துச்சே, போய்ச் சேந்துருச்சா?”

“என்ன எழுதுனாரு?”

“ஒண்ணும் இல்லக்கா” என்றாள் தினேஸ்வரி. பிறகு, “கள்ள டிஸ்க் அனுப்புற கம்பெனின்னு” என்று சேர்த்துக்கொண்டாள்.

வேறு நாளாக இருந்தால் குமுதா அந்த வாசலிலேயே சண்டைக்கு நின்றிருப்பாள். கடையில் வேலை பார்த்த காலத்திலிருந்து அவள் கையால் ஒரு கள்ள டிஸ்க் வெளியே போனதில்லை. இன்றைக்கு அந்த வார்த்தை காதில் விழுந்து வெளியே போனது.

“டிஸ்க் எங்கம்மா?”

“போஸ்ட் பண்ணிட்டாரே. நேத்து ராத்திரி போட்டுப் பாத்தாரு, மிஷின் படிக்கவே இல்ல. வெள்ளையா, மேல ஏதோ நம்பர் மட்டும் எழுதி இருந்துச்சு. ஆறு வாரம் காக்க வச்சு இதத்தான் அனுப்புவாங்களான்னு கத்திட்டு, காலைல வேலைக்குப் போறப்ப போஸ்டாபிஸ் பெட்டியில போட்டுட்டாரு.”

குமுதா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் எதற்காக வந்தாள் என்பதை நாலு வரியில் சொன்னாள். தினேஸ்வரி பாதியிலேயே துண்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

“நீங்க போஸ்டாபிஸுக்குப் போங்கக்கா. என் நம்பர எழுதிக்குங்க, ஏதும்னா கூப்பிடுங்க, எங்கிட்ட மோட்டோ இருக்கு.”

தபால் நிலையத்தின் முகப்பில் இருந்த பெட்டியைக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் திறந்து காலி செய்திருந்தார்கள். உள்ளே கவுன்டரில் இருந்த மலாய்க்கார அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். இருவரும் மலாயில் பேசினார்கள். உள்ளே சுவரோரம் ஒரு சாம்பல் நிறச் சாக்கு கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்தபடியே குமுதா பேசினாள்.

“பெட்டியில் போட்ட கடிதத்தை இங்கே யாரிடமும் கொடுக்க முடியாது, புவான். ஈப்போவுக்குப் போகும், நாளைக்கு உங்களுக்கே வந்துவிடும்.”

“எனக்குத்தானே வரப்போகிறது? இப்போதே கொடுத்துவிடுங்கள். உறையில் இருப்பது என் முகவரி.”

அவர் அடையாள அட்டையைக் கேட்டார். அவள் கொடுத்தாள். உறையின் மேல் அச்சடித்திருந்தது கடைப்பெயரும் ஈப்போவின் ஒரு தபால்பெட்டி எண்ணும். அடையாள அட்டையில் இருந்தது குமுதா என்ற பெயரும் கெல்டன் தோட்டம் என்ற முகவரியும். இத்தனை வருடமாக அவள் அதை மாற்றவே இல்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

“இந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது?”

“இப்போது இல்லை. அங்கே வீட்டுமனை போட்டுவிட்டார்கள்.”

அவர் அட்டையை மெல்லத் திருப்பித் தந்தார். அவர் முகத்தில் எரிச்சல் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. எரிச்சல்படுகிறவரிடம் சத்தம் போடலாம். இவரிடம் என்ன செய்வது?

“அனுப்பியவர் வந்தால் முடியும்” என்றார் அவர். “நேரில் வந்து, அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மணிக்கு வேன் வரும். டிரைவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். ரொம்ப நேரம் நிற்கமாட்டார்.”

குமுதா வெளியே வந்து தினேஸ்வரிக்கு அடித்தாள். “தனேஸக் கூட்டிட்டு வரணும்மா. ஐ.சி. கார்டோட.”

“மில்லுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்கக்கா. வாசக்காவல் ஜாகாகிட்ட போய்த்தான் சொல்லணும். போறேன், போறேன்!” மோட்டோ உறுமும் சத்தத்தோடு தொடர்பு அறுந்தது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. வெயில் தாரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. குமுதா தபால் நிலையப் படியில் நின்றாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். நவமணி அடித்தாள். குமுதா எடுக்கவில்லை. என்ன சொல்வது? மறுபடி அடித்தாள். எடுத்து, “கிட்டத்தட்ட கைக்கு வந்துருச்சும்மா” என்றாள். சாக்கு அங்கிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அது முழுப்பொய் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

வேன் வந்தது. டிரைவர் இறங்கி, புகைத்துக்கொண்டிருந்த சிகரெட்டை முடிக்காமலே காலடியில் போட்டு நசுக்கினார். அவசரத்தில் இருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அதிகாரி அவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார். முதல் சாக்கு போனது, இரண்டாவது சாக்கு போனது. சாம்பல் நிறச் சாக்கை அவர் தோளில் தூக்கியபோது குமுதா நேராகப் போய் வேனின் பின்கதவுக்கு முன்னால் நின்றாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள்.

“செபெந்தார், பாங். சாபார்” என்றாள். கொஞ்சம் பொறுங்கள் அண்ணே என்று மலாயில் கெஞ்சினாள்.

அப்போதுதான் மோட்டோ வந்து நின்றது. பின்னாலிருந்து ஒருவன் குதித்தான். காக்கி உடுப்பு முழுக்க எண்ணெய்க் கறை, தலையில் இன்னும் மஞ்சள் தொப்பி. தனேஸ்வரன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“என்னக்கா இது? ஒரு மெசேஜுக்கு ஈப்போலேருந்து கெளம்பி வந்துருக்கீங்க! ஜாகா வந்து ‘ஒன்ன யாரோ பொம்பள தேடுது’ன்னு சொன்னான், மில்லே சிரிக்குது. சரிலா, அழிச்சிடறேன். ஆனா நீங்க அனுப்புனது கள்ள டிஸ்க்குதான், அத மட்டும் இல்லன்னு சொல்லாதீங்க.”

“டேய் அண்ணே, வாய மூடுடா” என்று தினேஸ்வரி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். “வழியெல்லாம் கத்துனேன், காத்துல காதுல விழலயா? அது கேம் டிஸ்க்கே இல்ல. ஒரு அக்காவோட ஸ்கேன். ஆப்பரேஷன் டாக்டரு நாலு மணிக்குப் போயிருவாராம்.”

தனேஸ்வரனின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு உள்ளே ஓடினான். அடையாள அட்டையைக் கவுன்டரில் வைத்தான், படிவத்தில் கையெழுத்துப் போட்டான். எண்ணெய் விரல்கள் தாளில் பதிந்தன. அதிகாரி சாக்கை இறக்கச் சொல்லி, கட்டை அவிழ்த்து, மேசையில் கொட்டினார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே அவரும் குனிந்து தேடினார். கே கேம் போஸ்ட் உறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

குமுதா அங்கேயே கிழித்துப் பார்த்தாள். வெள்ளை முகம், மார்க்கரில் எழுதிய எண், வேறொன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் பளபளப்பு மங்கி, மூடுபனி படிந்தது போல் இருந்தது. நடுவளையத்தில் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

“என்ன இது?”

தனேஸ்வரன் தொப்பியைக் கழற்றினான். “மிஷின் படிக்கலன்னதும்... கீறல் இருக்கும்போலன்னு நெனச்சு, பல்பசை போட்டுத் தேச்சேன்க்கா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.”

“எல்லாரும் செய்வாங்கதான்” என்றாள் குமுதா. அவளிடம் திரும்பி வரும் டிஸ்குகளில் பாதிக்குப் புதினா வாசம் அடிக்கும். “எதால தேச்ச?”

“துண்டால.”

“சுத்திச் சுத்தியா?”

அவன் தலையை ஆட்டினான். கேமுக்காக ஆறு வாரம் கத்தியவன் இப்போது கத்தாமல் நின்றது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. “படிக்குமாக்கா?”

“தெரியல.”

காரில் உட்கார்ந்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டே துணியில் திரவத்தை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்நேராகத் துடைத்தாள். பசை போனது. மூடுபனி பாதி போனது. ஒரு நீளக் கீறல் போகவில்லை. தனேஸ்வரனும் தினேஸ்வரியும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவள் டிஸ்கை உறையில் போட்டு, பக்கத்து இருக்கையில் வைக்க மனம் வராமல், சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

திரும்பும் பாதையில் மழை பிடித்தது. கஞ்சிலின் துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது. குமுதா முன்கண்ணாடிக்கு மூக்கை ஒட்டியபடி ஓட்டினாள். வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை, மனம் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தது. டிஸ்க் கையில் கிடைத்துவிட்டால் போதும் என்றுதான் போகும்போது நினைத்தாள். இப்போது கிடைத்துவிட்டது, ஆனால் உள்ளே ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தெரியாது. படிக்காத டிஸ்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, கிடைக்கவில்லை என்று சொல்வது எளிதாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை அவளே வெறுத்தாள்.

நவமணி இன்னும் இரண்டு தடவை அடித்தாள். முதல் தடவை, “மூணு பேருதான் இருக்காங்க.” இரண்டாம் தடவை, “வாரேன்மா, வந்துகிட்டே இருக்கேன்” என்று குமுதா சொல்வதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நிறுத்த இடமே இல்லை. மஞ்சள் கோட்டில் வண்டியை விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். கூரைக்கு வெளியே மழையிலேயே கார்த்திகேசு நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவனும் சேர்ந்து ஓடினான். மாடியில் காத்திருக்கும் நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. கடைசி நாற்காலியில் நவமணி மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் மேல்கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

மிஸ்ஸி டிஸ்கை வாங்கிக் கணினியில் போட்டார். அது சுற்றும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

“தா போலே பாச்சா” என்றார் மிஸ்ஸி மெதுவாக. படிக்க முடியவில்லை.

நவமணி எழுந்து நின்றாள். குமுதா, “ஒருக்கா துடைச்சுத் தாரேன்” என்று வாங்கினாள். அவசரத்தில் திரவம் தரையில் சிந்தியது. துடைத்துக் கொடுத்தாள். மறுபடி சுற்றியது, மறுபடி நின்றது. டாக்டர் கதவருகே வந்து கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நவமணியைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பினாங்கிலும் அவருக்காக யாரோ காத்திருக்கிறார்கள்.

மிஸ்ஸி திடீரென்று டிஸ்கை வெளியே எடுத்தார். “எக்ஸ்ரே அறையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அது எதையும் தின்னும்.” சொல்லிக்கொண்டே தாழ்வாரத்தில் ஓடினார். அவருடைய ரப்பர் செருப்புச் சத்தம் தேய்ந்து, இல்லாமல் போனது.

யாரும் உட்காரவில்லை. டாக்டரும் உட்காரவில்லை. மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. கார்த்திகேசு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

மிஸ்ஸி திரும்பி வந்தபோது வெறுங்கையோடு வந்தார்.

“டாக்டர், படம் ஏறிவிட்டது. உங்கள் திரையில் பாருங்கள்.”

டாக்டர் மேல்கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நவமணி உள்ளே போனாள். “நீயும் வா” என்று கணவனைப் பார்த்தாள். அவன் அசையவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

குமுதா நாற்காலியில் விழுந்தாள். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டிக் குளிர்ந்தது. கார்த்திகேசு ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தான்.

“உள்ள போயேம்பா.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்க்கா.” அவன் உள்ளங்கைகளைத் தேய்த்தான். “எப்படி மாறுச்சுன்னு நீங்க கேக்கவே இல்ல.”

“மாறிப்போச்சு. நானும் தெறந்து பாக்காம அனுப்பிட்டேன்.”

“அதுவா மாறல. நான்தான்.” அவன் கதவையே பார்த்துக்கொண்டு பேசினான். “வீட்ல கம்ப்யூட்டர் இல்ல. இவ ஒடம்புக்குள்ள என்னதான் இருக்குன்னு எனக்குப் பாக்கணும்போல இருந்துச்சு. டாக்டருங்க ஈரலுங்கறாங்க, கட்டிங்கறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. கேம எடுத்துட்டு ஸ்கேன் டிஸ்க்க கேம் மிஷின்ல போட்டேன். அதுல தெரியும்னு நெனச்சேன். தெரியல. அதுக்குள்ள இவ குளிச்சிட்டு வர்ற சத்தம். பாத்தான்னா பயந்துருவான்னு அவசரத்துல கையில கெடச்ச உறையில கெடச்ச டிஸ்க்கப் போட்டுட்டேன். மறுநாள் உறையப் பாத்துத்தான் போஸ்ட் பண்ணேன். உள்ள பாக்கல.”

குமுதா அவன் தோளில் கை வைத்தாள், எடுத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. நவமணி வெளியே வந்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“வளந்துருக்கு” என்றாள். “கொஞ்சந்தான். இப்ப எடுத்துட்டா எடுத்துரலாமாம். ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா சொல்றதுக்கில்லையாம். வர்ற செவ்வாக்கெழம பினாங்குக்கு வரச் சொல்லிட்டாரு, அவரே அறுக்கிறாராம்.”

கார்த்திகேசு எழுந்து நின்று, சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தவன்போலத் தொண்டையைச் செருமினான். “நவமணி, அந்த டிஸ்க்க நான்தான்...”

“கேட்டுச்சு. அந்தக் கதவு அட்டை மாதிரி இருக்கு.” அவள் அவனை உற்றுப் பார்த்தாள். “மிஷின்ல போட்டியே, என்ன தெரிஞ்சுச்சு?”

“ஒண்ணும் தெரியல. கறுப்பா இருந்துச்சு.”

“எங்கிட்ட கேக்க வேண்டியதுதான? நான் மட்டும் என்னத்தக் கண்டேன்? ரெண்டு பேரும் சேந்து தெரியாம இருந்திருக்கலாம்ல.” அவள் உதடு கோணியது. அழப்போகிறாளோ என்று குமுதா நினைத்தாள், அவள் அழவில்லை. குமுதா பக்கம் திரும்பி, ஈரமான அவள் தோளைக் கையால் வழித்துவிட்டாள். “நீங்க வீட்டுக்குப் போய்த் தலையத் தொவட்டுங்கக்கா. நான் படுக்கறதுக்கு முன்னாடி நீங்க படுத்துராதீங்க.”

மிஸ்ஸி படிவங்களைக் கொண்டுவந்து நீட்டினார். நவமணி நின்றபடியே, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் தாளைக் குத்தி ஓட்டை போட்டது. எழுதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

“செவ்வாக்கெழமைக்கு தோட்டத்து மண்டோர்கிட்ட லீவு கேளு.”

“கேக்கறேன்.”

“ஒரு வாரத்துக்குக் கேளு.”

“ஒரு வாரமா? கத்துவாருலா.”

“கத்தட்டும். இப்பவே கேளு, நான் கேக்கறமாதிரி.”

கார்த்திகேசு கைப்பேசியை எடுத்து மண்டோருக்கு அடித்தான்.